மேல்தளத் தோட்டத்தில் கடுகு: ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கிய மண்ணும் உரமும்

எங்கள் வட்டாரத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் இயங்கும் சமூகத் தோட்டத்தில் எனக்கென்று ஒரு பாத்தி இருக்கிறது. நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர். மேலே ஒளி புகும் கூரை போட்டிருப்பதால் மழை அதில் விழுவதில்லை. சிமெண்டுத் தளத்தின் சூடும், தடுப்பில்லாமல் வீசும் காற்றும் சேர்ந்து, காலையில் ஊற்றிய நீரை மறுநாள் மாலைக்குள் உறிஞ்சிவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூரில் வறண்ட நிலப் பயிரைப் பற்றி எழுதுகிறேனே என்று சிலர் எண்ணலாம். இந்தப் பாத்தியில் ஒரு பருவம் பயிர் செய்து பார்த்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். நாங்கள் சுமந்து ஊற்றும் நீரைத் தவிர அதற்கு வேறு நீர் கிடையாது.

தோட்டத்துக்கு வரும் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாளிக்கும் கடுகு எந்தச் செடியில் விளைகிறது என்று காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் கடுகு விதைத்தேன். இரண்டு முறை விதைத்திருக்கிறேன். முதல் முறை 31 கிராம் கடுகு கிடைத்தது. இரண்டாம் முறை அதே பாத்தியில் 118 கிராம். இரண்டுக்கும் வேண்டிய மண், உரம், இதர பொருள்கள் எல்லாவற்றையும் தீவின் வடமேற்கில் உள்ள ஒரே நாற்றுப்பண்ணைக் கடையில்தான் வாங்கினேன். ஆகவே அந்தக் கடை விற்றவற்றுள் எவை உதவின, எவை உதவவில்லை, எவை கெடுதல் செய்தன என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் உண்டு. சில குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இங்குள்ள பெரும்பாலான நாற்றுப்பண்ணைகளில் இதே வகைப் பொருள்களும் இதே வகை ஆலோசனைகளும்தான் கிடைக்கின்றன. எனவே எந்தக் கடையில் வாங்குபவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

கடை பெரியது, ஒழுங்கானது. மண் பைகள் வெயில் படாத கொட்டகையில் அடுக்கப்பட்டிருந்தன. 25 லிட்டர் மண் கலவை 9 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 1 கிலோ ஜிப்சம் தூள் 6 வெள்ளி, 15-15-15 (தழைச்சத்தான நைட்ரஜன், மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் 15 விழுக்காடு) குருணை உரம் 1 கிலோ 8 வெள்ளி, நுண்ணூட்டத் திரவம் அரை லிட்டர் 14 வெள்ளி, வேர்ப்பூசணத் தூள் (வேருக்குத் துணையாகும் பூசணம்) 100 கிராம் 18 வெள்ளி. இவற்றோடு வறண்ட, வெயில் மிகுந்த இடங்களில் காய்கறி வளர்ப்பவர்களுக்கென்று அவர்களே அச்சிட்ட ஒரு பக்கக் கையேட்டையும் கொடுத்தார்கள்.

முதல் விதைப்பில் நான் அந்தக் கையேட்டை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். சென்ற ஆண்டு ஆகஸ்டில், பழைய மண்ணோடு ஆறு பை மண் கலவையைச் சேர்த்துக் கிளறி, மளிகைக் கடையில் வாங்கிய கடுகையே விதைத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி குருணை உரத்தை மண்ணின் மேல் தூவி, நாள்தோறும் காலையில் பூவாளியால் மேலாக நீர் தெளிக்க வேண்டும் என்பது கையேட்டின் அறிவுரை. முளைப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் முதல் கைப்பிடி உரத்தைப் போட்ட நான்காம் நாள், நாற்றுகளின் இலை ஓரங்கள் தீப்பட்ட காகிதம்போலக் கருகத் தொடங்கின. ஈரம் குறைந்த மண்ணில் குருணை கரையும்போது வேரைச் சுற்றியுள்ள கொஞ்ச நீரில் உப்பு அடர்ந்துவிடுகிறது. அந்த நீரை இளவேரால் இழுக்க முடிவதில்லை. ஈரமான நிலத்தில் பயிரை ஊட்டி வளர்க்கும் அதே அளவு உரம் காய்ந்த நிலத்தில் பயிரைத் தாகத்தில் தள்ளுகிறது. வறண்ட இடத்துக்கென்றே எழுதிய கையேட்டில் இந்த எச்சரிக்கை ஒரு வரியாகக்கூட இல்லை என்பதுதான் அந்தக் கடை மீது எனக்குள்ள முதல் குறை.

பிழைத்த செடிகள் வளர்ந்தன. ஐந்தாம் வாரத்தில் அவற்றில் ஒரு விந்தையைக் கண்டேன். அடியில் இருந்த முதிர்ந்த இலைகள் கரும்பச்சையாகச் செழித்திருக்க, உச்சியில் புதிதாக விரிந்த இலைகள் மட்டும் வெளிறி, ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, சிறு கரண்டிபோலக் குழிந்திருந்தன. அவற்றின் அடிப்புறத்தில் மெல்லிய ஊதா படர்ந்திருந்தது. பிறகு வந்த பூக்களும் கடுகுப் பூவுக்கே உரிய அடர்மஞ்சளாக இல்லாமல், பாலில் ஒரு துளி மஞ்சள் கலந்ததுபோல் வெளுத்திருந்தன. தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி இன்னும் ஒரு கைப்பிடி உரம் போட்டேன். இலைதான் பெருத்தது, காய் சரியாகப் பிடிக்கவில்லை. தழைச்சத்துக் குறைந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து அதை எடுத்துப் புதிய இலைகளுக்குக் கொடுக்கும். ஆகவே மஞ்சளாவது அடியிலைதான். கந்தகம் அப்படி எளிதில் இடம் மாறுவதில்லை. கந்தகம் குறைந்தால் முதலில் வெளிறுவது கொழுந்து. என் பாத்தியில் கண்டது பாடநூலில் உள்ளபடியான கந்தகப் பற்றாக்குறை என்பதை நான் அறிந்துகொண்டபோது பயிர் முற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து 15-15-15 பையைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் எண்களாக இருந்தன. கந்தகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கடுகைப் பொறுத்தவரை இது சிறிய விடுபாடு அன்று. கடுகின் காரமே கந்தகத்தால் ஆனது. விதையில் கந்தகம் அடங்கிய குளுக்கோசினோலேட்டு என்னும் சேர்மங்கள் இருக்கின்றன. விதை நொறுங்கும்போது ஒரு நொதி அவற்றைச் சிதைக்க, மூக்கில் ஏறும் அந்த நெடி பிறக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் மண்ணில் கந்தகம் இல்லாவிட்டால் காரமும் குறையும், எண்ணெயும் குறையும், காயும் குறையும். இந்தியாவில் கடுகு விளைச்சலில் முதலிடம் வகிக்கும் ராஜஸ்தானில், பரத்பூர் அருகே சேவாரில், கடுகுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1993இல் தொடங்கியது. அப்பகுதி உழவர்களுக்குச் சொல்லப்படும் பொதுவான பரிந்துரை ஹெக்டேருக்குச் சுமார் 40 கிலோ கந்தகம். அதைக் கந்தகம் அடங்கிய ஜிப்சம் ஏறக்குறைய 250 கிலோவாகக் கொடுக்கலாம். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்டு) உரத்தை மட்டும் நம்பும் உழவர்களின் வயலில் கந்தகம் குறைவதும், சூப்பர் பாஸ்பேட் போடுபவர்களின் வயலில் அது ஓரளவு ஈடாவதும் இதனால்தான். டிஏபியில் கந்தகம் இல்லை. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு 11, 12 விழுக்காடு கந்தகமும் சேர்ந்தே வருகிறது.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது முகப்பில் இருந்த இளம் விற்பனையாளரிடம் ஜிப்சம் கேட்டேன். மண்ணின் புளிப்பைப் போக்கத்தானே என்று கேட்டு, இரண்டு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இது தவறான தகவல். புளிப்பு மண்ணைச் சரிசெய்வது சுண்ணாம்பு. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டு. அது மண்ணின் அமிலத்தன்மையை மாற்றுவதில்லை. கடுகுக்கு 6 முதல் 7.5 வரையிலான பி.எச். அளவு (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்) ஏற்றது, மண் புளித்திருந்தால் ஜிப்சத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பதால் பயன் எதுவும் வராது. நான் 7 வெள்ளிக்கு வாங்கிய சோதனைத் தாளில் என் மண் 6.2 காட்டியது, எனவே எனக்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நல்ல வேளையாக, பின்கட்டில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு அருகில் வந்தார். திண்டிவனத்துப் பக்கத்துக்காரர். ஜிப்சம் பையைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்துக் காட்டி, "அக்கா, எங்க ஊர்ல கடலைக்கு மண் அணைக்கும்போது இதத்தான் போடுவோம். போடலன்னா காய் பொக்காப் போயிடும். நீங்க கடுகுக்குன்னா விதைக்கிறதுக்கு முன்னாடியே அடியில போட்டுடுங்க, மேல தூவாதீங்க" என்றார். தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை விதைத்த 40, 45 நாளில் இட்டு மண் அணைப்பது வழக்கம்; அங்கே அதன் முதல் வேலை, காயாக மாற மண்ணுக்குள் இறங்கும் விழுதுகளுக்குக் கால்சியம் கொடுப்பது. கடுகுக்குத் தேவை கந்தகம். அதுவும் வேர் இறங்கும் வழியில் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் அவர். அந்தக் கடையில் நான் பெற்ற மிகச் சிறந்த பொருள் அந்த வாக்கியம்தான். அதற்கு அவர்கள் பணம் வாங்கவில்லை.

ஏன் அடியில் போட வேண்டும் என்பதைச் சற்று விளக்குகிறேன். வறண்ட நிலக் கடுகின் விளைச்சலே இதில்தான் அடங்கியிருக்கிறது. சல்பேட்டாக உள்ள கந்தகமும் நைட்ரேட்டாக உள்ள தழைச்சத்தும் நீரோடு சேர்ந்து வேருக்குப் போகின்றன. மேல்மண் காய்ந்து கிடந்தால் அங்கே கிடக்கும் உரத்தைச் சுமந்து செல்ல நீர் இல்லை. ஈரம் கீழே இருக்கிறது, உரம் மேலே இருக்கிறது, வேர் இரண்டுக்கும் நடுவே தவிக்கிறது. மணிச்சத்தோ நீர் இருந்தாலும் அதிகம் நகராது. விதைக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால்தான் வேருக்கு எட்டும். ராஜஸ்தானின் மானாவாரிக் கடுகு பெரும்பாலும் பருவமழையின் போது மண்ணில் தேங்கிய ஈரத்தைக் கொண்டே அக்டோபரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை வாழ்கிறது. ஆகவே அங்கே பாசன வசதி இல்லாதவர்கள், தழைச்சத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்காமல், ஹெக்டேருக்கு 40 முதல் 60 கிலோ வரை முழுவதையும் விதைக்கும்போதே அடியுரமாக இறக்கிவிடுகிறார்கள். பாசனம் உள்ளவர்கள் பாதியை அடியுரமாகவும் மீதியை முதல் நீர் பாய்ச்சும்போது மேலுரமாகவும் கொடுக்கலாம். நீர் இல்லாதவருக்கு மேலுரம் வீண். யூரியாவை மண்ணின் மேல் தூவி, உள்ளே இறக்க நீர் விடாவிட்டால் அதில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கடைக் கையேட்டின் "இரண்டு வாரத்துக்கு ஒரு கைப்பிடி" என்ற அறிவுரை எந்த ஈரமான தோட்டத்துக்குப் பொருந்துமோ, என் பாத்திக்குப் பொருந்தவில்லை.

அளவுக் கணக்கும் எளிதுதான். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று சொல்லப்படும் எண்ணைப் பத்தால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு உரிய கிராம் வந்துவிடும். 250 கிலோ ஜிப்சம் என்பது சதுர மீட்டருக்கு 25 கிராம். என் பாத்திக்கு 50 கிராம். ஒரு தோசைக் கரண்டி மாவு அளவுகூட இல்லை. விற்பனையாளர் சொன்ன இரண்டு கிலோ, இந்தப் பாத்திக்கு நாற்பது பருவத்துக்குப் போதும். 60 கிலோ தழைச்சத்து என்றால் என் பாத்திக்கு 12 கிராம். அதை 15-15-15 குருணையில் பெற 80 கிராம் வேண்டும். முதல் பருவத்தில் கைப்பிடி கைப்பிடியாக நான் போட்டதை நினைவிலிருந்து கூட்டிப் பார்த்தபோது, அது இதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. சமையலறைத் தராசு ஒன்றைத் தோட்டத்துக்கென்று ஒதுக்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். கைப்பிடி என்பது ஆளுக்கு ஆள் மாறும் அளவு.

மண் கலவையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். தென்னை நார்க் கழிவும் எரித்த மண்ணும் மக்கு உரமும் கலந்தது என்று பையில் எழுதியிருந்தது. நார்க் கழிவு நீரைத் தன் எடையைப் போல் பல மடங்கு பிடித்து வைக்கும். வறண்ட பாத்திக்கு அது பெரிய உதவி. ஆனால் ஆறு பைகளில் இரண்டைத் திறந்தபோது புளித்த வாடை வந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு மக்காத மரச் சீவல்கள் கிடந்தன. மக்காத மரத்தை நுண்ணுயிர்கள் உண்ணும்போது அவற்றுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அந்த வாரங்களில் பயிர் பட்டினி கிடக்கும். கடையில் சொன்னேன், மறு பேச்சின்றி இரண்டு பைகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்த பைகள் நன்றாக இருந்தன. வாங்கும்போதே பையை அழுத்திப் பார்த்து, காற்றுத் துளை வழியே முகர்ந்து பார்ப்பது நல்லது. மழை பெய்த காட்டு மண்ணின் மணம் இருக்க வேண்டும்.

வேர்ப்பூசணத் தூள் மட்டும் எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்த பொருள். வறட்சியில் வேருக்குத் துணையாகிச் சேய்மையிலிருந்து நீரும் மணிச்சத்தும் கொண்டுவரும் பூசணம் என்று சொல்லி, 18 வெள்ளிக்கு விற்றார்கள். மிளகாய், கத்தரி, வெங்காயம், சோளம் போன்ற பயிர்களுக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஆனால் கடுகுக் குடும்பம் இந்தப் பூசணத்தோடு உறவு கொள்ளாத சில தாவரக் குடும்பங்களுள் ஒன்று. முட்டைக்கோஸ், முள்ளங்கி, சாய் சிம், காய் லான் ஆகிய சீனக் கீரைகள் எதன் வேரிலும் இது முறையாகக் குடியேறுவதில்லை; பீட்ரூட், பசலைக்கீரை வகைகளும் அப்படித்தான். என்ன பயிருக்கு என்று விற்பவர் கேட்டார், கடுகு என்று நானும் சொன்னேன், அதன் பிறகும் அதை என் கூடையில் வைத்தார். தெரிந்தே செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 18 வெள்ளி என்பது, மாதச் செலவைக் கணக்குப் பார்த்து மீதத்தில் தோட்டம் போடும் எங்கள் குழுவின் மூத்தவர்களுக்குச் சிறு தொகை அன்று. பயிரின் குடும்பத்தைக் கேட்டு விற்பது கடையின் கடமை என்றே நினைக்கிறேன்.

நுண்ணூட்டத் திரவம் பயன்பட்டது. கடுகுக்குக் கந்தகத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது போரான் என்னும் நுண்ணூட்டம். அது குறைந்தால் செடி பூத்துக் குலுங்கும், காயும் நீளும், திறந்து பார்த்தால் உள்ளே விதைகள் இடைவெளி விட்டு ஒன்றிரண்டே இருக்கும். வறண்ட மண்ணில் போரானும் வேருக்கு வருவது குறைகிறது. வயலில் ஹெக்டேருக்கு 10 கிலோ போராக்ஸ் (போரான் அடங்கிய உப்பு) என்பது வழக்கமான அளவு. அதாவது சதுர மீட்டருக்கு ஒரே ஒரு கிராம். போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதால் தனிப் போராக்ஸைக் கையாள எனக்குத் துணிவு வரவில்லை. பட்டியலில் போரானும் துத்தநாகமும் அளவோடு குறிக்கப்பட்டிருந்த இந்தத் திரவத்தை, மொட்டு தெரிந்ததும் ஒருமுறை, புட்டியில் சொன்ன அளவில் பாதியாக, மாலையில் இலைமேல் தெளித்தேன். புட்டியின் மூடியில் அளவுக் கோடுகள் பதித்திருப்பது மெச்சத்தக்கது.

இனி இரண்டாம் விதைப்பு. இந்த ஆண்டு ஜனவரி இரண்டாம் வாரம் தொடங்கினேன். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான கட்டம் முடிந்து காற்று உலர்ந்து வீசும் பிப்ரவரியை நோக்கிப் பயிர் போகட்டும் என்பது எண்ணம். கூரைக்கு வெளியே இருக்கும் அசுவினியும் இலைப்புள்ளி நோயும் அந்த மாதங்களில் சற்றுக் குறைவாக இருக்கும் என்று குழுவின் மூத்தவர் சொன்னார். ஒரு வாரம் முன்பே பழைய மண்ணோடு நன்கு மக்கிய உரம் இரண்டு கிலோ, ஜிப்சம் 50 கிராம், குருணை 80 கிராம் மூன்றையும் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கலந்து புதைத்தேன். விதைப்பதற்கு முந்தைய நாள், பாத்தியின் அடித்துளைகளில் நீர் வடியும் வரை மெதுவாக மூன்று தடவையாக நீர் விட்டேன். கடுகை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்தி, 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை இழுத்து, ஈரம் தொடும் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடினேன். பதினைந்தாம் நாள் பயிர் கலைத்தேன். வரிசைக்குள் செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி. அடர்ந்து நிற்கும் செடிகள் இருக்கும் ஈரத்தைப் பங்கு போட்டே தீர்த்துவிடும் என்பதால் இதில் இரக்கம் பார்க்கக் கூடாது. பிடுங்கிய கீரை அன்று பாசிப்பருப்புக் கூட்டாயிற்று.

நீர் விடும் முறையையும் மாற்றினேன். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதை நிறுத்தினேன். அது வேரை மேலேயே வளரப் பழக்குகிறது, மேல்மண்ணோ நண்பகலுக்குள் காய்ந்துவிடுகிறது. பதிலாக வரிசைகளுக்கு நடுவே காய்ந்த இலைகளையும் வெட்டிய புல்லையும் நான்கு விரல்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக நீர் விட்டேன். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்ப்பேன். நுனியில் குளிர்ச்சி தெரிந்தால் அன்று நீர் வேண்டாம். மொட்டு வைக்கும் முன் ஏறத்தாழ 30ஆம் நாளிலும், காயில் விதை திரளும் 60ஆம் நாளை ஒட்டியும் மட்டும் ஒரு சுற்று கூடுதலாக விட்டேன். வட இந்தியாவில் இரண்டே முறை பாசனம் செய்யக் கூடிய உழவர்களும் அந்த இரு கட்டங்களையே தேர்ந்துகொள்கிறார்கள்.

இம்முறை கொழுந்து இலை தட்டையாகவும் பச்சையாகவும் விரிந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பாத்தி முழுவதும் பூத்தபோது அந்த மஞ்சளைப் பார்க்கவே புளோக்கின் மேல்மாடிக்காரர்கள் சாளரத்தில் நின்றார்கள். பக்கத்துப் பாத்தியில் காய் சோய் வளர்க்கும் சீன ஆன்டி மட்டும் கவலையோடு வந்து, பூத்துவிட்டதே, இனிக் கீரை கசக்குமே என்றார். அவருடைய காய் சோயும் என் கடுகும் தாவர இயலில் ஒரே இனம், பிராசிக்கா ஜன்சியா. அவர்கள் தலைமுறை தலைமுறையாக இலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள், நம்மவர்கள் விதைக்காக. பூ வந்தால் அவருக்குப் பயிர் முடிந்தது, எனக்குத் தொடங்குகிறது. விளக்கிச் சொன்னதும் அவர் தம் பாத்தியில் ஒரு செடியைப் பூக்க விட்டார்; அதன் காயும் இதே வடிவில் இருந்ததைப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

காய்கள் முக்கால் பங்கு மஞ்சளானதும், ஏப்ரல் நடுவில், ஒரு நாள் விடியற்காலையில் அறுத்தேன். முற்றக் காய விட்டால் கை பட்டதும் வெடித்துச் சிதறும்; விடியற்காலை ஈரத்தில் அறுத்தால் இழப்புக் குறைவு. பழைய வேட்டியில் பரப்பி நான்கு நாள் உலர்த்தித் தட்டிப் புடைத்து நிறுத்தபோது 118 கிராம். இந்தியாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒன்றரை டன்னை ஒட்டியது. அந்தக் கணக்கில் என் பாத்தி 300 கிராம் தந்திருக்க வேண்டும். பாதிக்கும் குறைவுதான். ஆனால் கடுகு குளிர்காலப் பயிர். இரவிலும் 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத நம் வெப்பத்தில் பல பூக்கள் கருவுறாமலே உதிர்கின்றன; அதை எந்த உரத்தாலும் மாற்ற முடியாது. முதல் பருவத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கிடைத்ததை முழுவதும் ஜிப்சத்தின் கணக்கில் எழுதவும் மாட்டேன். நீர் விடும் முறை, மூடாக்கு, உரத்தின் அளவு, விதைத்த மாதம் எல்லாமே ஒருசேர மாறின. ஆனால் கொழுந்து வெளிறாததும் பூவின் நிறம் திரும்பியதும் கந்தகத்தின் வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. அரைத்த இரண்டாம் பருவக் கடுகின் நெடி கண்ணில் நீர் வரவழைத்தது. முதல் பருவத்துக் கடுகு எண்ணெயில் வெடித்ததே தவிர மணக்கவில்லை.

சேவையைப் பொறுத்தவரை, 60 வெள்ளிக்கு மேல் வாங்கினால் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறார்கள். எங்களுக்குக் கார் நிறுத்துமிடத்தின் தரைத்தளத்தில் மின்தூக்கிக்கு அருகே இறக்கிவிட்டுப் போனார்கள். மேல்தளம் வரை ஏற்றித் தருவது ஏற்பாட்டில் இல்லை என்பதை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆறு பைகளை நானும் மூத்தவரும் தள்ளுவண்டியில் இரண்டு நடையாக ஏற்றினோம். தொலைபேசியில் கேட்டால் உடனே பதில் சொல்கிறார்கள், பொருளில் குறை இருந்தால் மாற்றித் தருகிறார்கள். இவை இரண்டும் அந்தக் கடையின் பெரிய நிறைகள்.

அங்கே போகிறவர்கள் ஜிப்சமும் மண் கலவையும் நம்பி வாங்கலாம். குருணை உரத்தை வாங்குங்கள், ஆனால் கையேட்டைப் பார்க்காமல் தராசைப் பாருங்கள். கடுகு, முள்ளங்கி, சாய் சிம் போடுகிறவர்கள் வேர்ப்பூசணத் தூளை வாங்க வேண்டாம். மிளகாய் போடுகிறவர்கள் முயன்று பார்க்கலாம். கையேட்டைத் திருத்தச் சொல்லி, காய்ந்த மண்ணில் மேலுரம் தூவுவதைப் பற்றியும் ஜிப்சத்தைச் சுண்ணாம்போடு குழப்புவதைப் பற்றியும் கடைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். திண்டிவனத்து ஊழியர் வார நாள்களில் காலை பத்து மணி வரை முகப்பிலும், அதன் பிறகு பின்கட்டு மண் கொட்டகையிலும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுப்பு.